காய்ஞ்ச தலை

எங்கள் வீட்டில் எனக்கு வைத்த பட்டப்பெயர் காய்ஞ்ச தலை. அக்காவுக்கு நனைஞ்ச தலை. நாங்கள் இரட்டைப் பிள்ளைகள். அவள் எனக்குப் பதினொரு நிமிடம் மூத்தவள். அந்தப் பதினொரு நிமிடத்தை வைத்துக்கொண்டு அவள் செய்த அதிகாரத்தை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும், அதை விடுங்கள். பட்டப்பெயர் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பிறந்து ஏழாவது வாரம் எங்களுக்குக் கோவிலில் ஞானஸ்நானம். இருவருக்கும் ஒரே துணியில் தைத்த வெள்ளைக் கவுன், ஒரே மாதிரி குல்லா. அம்மாவுக்கு உடம்பு தேறாததால் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். அக்காவை அத்தை ஏந்திக்கொண்டாள், என்னைச் சித்தி. அத்தை அப்பாவின் தங்கை, சித்தி அம்மாவின் தங்கை. இருவருக்கும் ஆரம்பத்திலிருந்தே ஏழாம் பொருத்தம். போதகர் முதலில் அக்காவை வாங்கி, தலையில் தண்ணீர் ஊற்றி, பெயர் சொல்லி, அத்தையிடம் திருப்பிக் கொடுத்தார். அக்கா அழுது ஊரைக் கூட்டினாள். அத்தைக்கு அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்த வராது. அழுகிறதைச் சித்தி கையில் திணித்துவிட்டு, தூங்கிக்கொண்டிருந்த என்னை வாங்கிக்கொண்டாள். அதற்குள் போதகர், "அடுத்த பிள்ளை" என்றார். சித்திக்கு அப்போது பத்தொன்பது வயது. சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, பதற்றத்தில், கையில் இருந்த பிள்ளையோடு முன்னால் போய்விட்டாள்.

அக்காவுக்கு இரண்டாவது முறையாகவும் தண்ணீர் விழுந்தது. என் பெயரைச் சொல்லி ஊற்றினார்கள். நான் அத்தையின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

இது சித்தி சொன்னது. அத்தை சொன்னது வேறு. போதகர் கூப்பிட்டதும் பிள்ளைகளை மறுபடி மாற்றிக்கொண்டோம், இவளுக்கு அந்தப் பதற்றத்தில் நினைவில்லை என்றாள். வீட்டுக்கு வந்து குல்லாவைக் கழற்றியபோது அக்காவின் தலை சொட்டச் சொட்ட இருந்ததாம், என் தலை காய்ந்து கிடந்ததாம். "நான்தான் துண்டால நல்லாத் துடைச்சு விட்டேன்" என்றாள் அத்தை. "அப்ப மூத்தவளை மட்டும் ஏன் துடைக்கல?" என்றாள் சித்தி.  அத்தை குரலை உயர்த்தினாள். சாயங்காலம் அப்பா போதகரிடம் போய்ப் பக்குவமாகக் கேட்டுப் பார்த்தார். போதகருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ரெண்டு பிள்ளைக்கும் கொடுத்தேன். எனக்கு எண்ணத் தெரியாதா?" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அதோடு கோர்ட்டு கலைந்தது, தீர்ப்பு மட்டும் வரவில்லை. அத்தையும் சித்தியும் ஆறு வருடம் பேசிக்கொள்ளவில்லை. பிறகு பேசினார்கள், பேசினதெல்லாம் இதைப் பற்றித்தான். யார் வீட்டுக் கல்யாணமானாலும் சாப்பிட்டு முடித்து நாற்காலிகளை வட்டமாகப் போட்டதும் யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். அத்தை எழுந்து நின்று நடித்துக் காட்டுவாள். சித்தி இடையில் புகுந்து திருத்துவாள். தலையணையை நானாக வைத்துக்கொண்டு இருவரும் கை மாற்றிக் கை மாற்றிக் காட்டும்போது எல்லோரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். இன்று இருவரும் இல்லை. அந்தச் சிரிப்புச் சத்தத்தில் பாதியாவது இந்த வீட்டுக்குத் திரும்பி வராதா என்று சில மத்தியானங்களில் எனக்கு ஏக்கமாக இருக்கும்.

ஆனால் அன்று நான் சிரிப்பேனா? பத்து வயது வரை சிரித்தேன். அக்கா தப்பு செய்து மாட்டிக்கொண்டால், "எனக்கு ரெண்டு இருக்கு, ஒண்ணு போனாலும் ஒண்ணு மிச்சம்" என்பாள். நான் தப்பு செய்தால், "இவளுக்குப் போக என்னடி இருக்கு" என்பாள். அதற்கும் சிரித்தேன். பத்து வயதுக்கு மேல், ஒரு நாள் ஞாயிறு பள்ளியில் ஆசிரியை, ஞானஸ்நானத்தில்தான் நாம் கடவுளின் பிள்ளைகள் என்ற அடையாளம் கிடைக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு அது நூறோடு நூற்றொன்று. எனக்கு அப்படி இல்லை. வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டேன். "கடவுளுக்குத் தெரியும்டா" என்றாள். "தெரிஞ்சா எனக்கும் சொல்லட்டும்" என்றேன். அம்மா என்னைக் கட்டிக்கொண்டாள்.

பதினைந்து வயதில், ஞானஸ்நானம் வாங்கினவர்களை நற்கருணைக்குச் சேர்க்கும் திடப்படுத்தல் வகுப்பு. நேரே போதகரிடம் கேட்டுவிடலாம் என்று அவர் அறைக் கதவு வரை போனேன். எண்ணத் தெரியாதா என்று கேட்ட அதே போதகர்தான். கதவுக்கு வெளியே அவர் செருப்பைப் பார்த்ததும் தைரியம் போய்விட்டது. திரும்பி வந்து எல்லோரோடும் வரிசையில் முழங்கால் போட்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு முறை நற்கருணை அப்பத்துக்குக் கை நீட்டும்போதும், டிக்கெட் இல்லாமல் பஸ்ஸில் ஏறினவள் கண்டக்டரைப் பார்க்கிற மாதிரிதான் போதகரைப் பார்ப்பேன். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் மறுபடி நாற்காலியை வட்டமாகப் போட்டுவிடுவார்கள்.

நர்ஸ் வேலைக்கு வந்தேன். பச்சிளங்குழந்தைகள் வார்டில் முப்பத்தொரு வருடம். ஓய்வு பெற்று நான்கு வருடமாகிறது, இன்னும் கை கழுவினால் முழங்கை வரை கழுவுகிறேன். வார்டு வாசலில் செருப்பை விட்டு ரப்பர் செருப்புக்கு மாற வேண்டும். குழாயை முழங்கையால் தள்ளித் திறந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு நிமிடம் சோப்புப் போட வேண்டும். உள்ளே எட்டுக் கண்ணாடிப் பெட்டிகள். பெட்டிக்குள் உள்ளங்கை அளவுக் குழந்தைகள். எந்த மானிட்டர் எதற்காகக் கத்துகிறது என்று திரும்பிப் பார்க்காமலே சொல்வேன். அந்த அறையின் வெதுவெதுப்பும் சோப்பு வாசனையும் எனக்குப் பிறந்த வீட்டைவிடப் பழக்கம்.

அங்கே என் பெயர் டேக் சிஸ்டர். குழந்தையின் கையில் ஒரு டேக், காலில் ஒரு டேக், இதுதான் விதி. நான் ஷிஃப்டுக்கு மூன்று முறை படித்துப் பார்ப்பேன். இரட்டைப் பிள்ளைகள் வந்தால் கேட்கவே வேண்டாம். ஒன்றைத் தூக்கும்போது மற்றதை யாரும் தொடக் கூடாது. "இவங்க வார்டுல குழந்தை மாறணும்னா குழந்தையே எழுந்து நடந்து போனாத்தான் உண்டு" என்று டாக்டர் கிண்டல் செய்வார். ஏன் இப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கோவிலுக்குப் போவேன். ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சிறிய கோவில். கடைசி பெஞ்சுக்கு முந்தின பெஞ்சு என்னுடையது. வார்டுகளுக்குப் போய் நோயாளிகளோடு ஜெபிக்கும் குழு ஒன்று சபையில் இருந்தது. "சிஸ்டர், நீங்க ஆஸ்பத்திரியிலேயே இருக்கீங்க, நீங்க வராம யார் வருவா" என்று கேட்பார்கள். டியூட்டி என்பேன். டியூட்டி ஒரு நல்ல வார்த்தை, யாரும் மேலே கேட்க மாட்டார்கள். உண்மை என்னவென்றால் எனக்குப் பயம். அடுத்தவருக்காக ஜெபிக்க நீ யார் என்று மேலே இருந்து கேட்டால் என்ன சொல்வது?

எனக்கு முப்பத்தி நாலு வயது நடந்தபோது ஒரு தபால் ஆபீஸ் அம்மா வந்தாள். தபால் பிரிக்கும் வேலை. வெளியூர்க்காரி. பயண வழியில் வலி கண்டு, ஆறாம் மாதமே பிரசவமாகிவிட்டது. பெண் குழந்தை, எண்ணூற்று இருபது கிராம். நான்காவது பெட்டி. கணவர் தொலைவில் வேலையில் இருந்தார், லீவு கிடைக்காமல் அல்லாடிக்கொண்டிருந்தார். அவள் தினமும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சின்னக் கிண்ணத்தில் பால் எடுத்துக் கொண்டுவருவாள். சில நேரம் ஒரு ஸ்பூன்கூட இருக்காது. அதைக் கொடுக்கும்போது அவள் முகத்தில் அவ்வளவு வெட்கம். "இதுவே நிறைய" என்பேன். நிஜமாகவே நிறையதான், அந்தக் குழந்தைக்கு ஒரு வேளைக்கு ஒரு மில்லிதான் கணக்கு.

பெட்டியின் ஓட்டை வழியாகக் கையை விட்டு, குழந்தையின் பாதத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டு அவள் மெதுவாகப் பாடுவாள். ஞாயிறு பள்ளிப் பாட்டு. எனக்கும் தெரிந்த பாட்டு. டேக் படிக்கிற சாக்கில் நானும் உதட்டை அசைப்பேன்.

ஒன்பதாவது நாள் மத்தியானம் இரண்டு மணி. ஷிஃப்ட் மாறி நான் உள்ளே வந்தபோதே நான்காவது பெட்டி சரியில்லை என்று தெரிந்தது. டாக்டர் ஒரு மணி நேரம் போராடினார். பிறகு என்னோடு வெளியே போய் அவளை உட்காரவைத்து, பூசி மெழுகாமல் சொன்னார். இனி எங்களால் முடியாது, உங்கள் கையில் கொடுக்கிறோம், வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் அழவில்லை. "இன்னும் ஞானஸ்நானம் கொடுக்கல. ஒரு போதகரைக் கூப்பிட முடியுமா?" என்றாள்.

எங்கள் கோவிலுக்குப் போன் போட்டேன். போதகர் பக்கத்துக் கிளைச் சபையில் இருந்தார். சேதி சொல்லி அனுப்புகிறோம், வந்து சேர ஒரு மணி நேரமாவது ஆகும் என்றார்கள். நான் டாக்டரைப் பார்த்தேன். அவர் தலையை அசைத்தார். அவ்வளவு நேரம் இல்லை.

அவள் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து வார்டைச் சுற்றிப் பார்த்தாள். டாக்டர் வேறு மதம். என்னோடு டியூட்டியில் இருந்தவளும் வேறு மதம். கண்கள் என்மேல் வந்து நின்றன.

"சிஸ்டர், நீங்க கிறிஸ்தவங்கதானே? நீங்க பாடுறதைப் பார்த்தேன். அவசரத்துக்கு யார் வேணாலும் கொடுக்கலாம்னு எங்க சபையில சொல்லியிருக்காங்க. என் கை நடுங்குது. நீங்க கொடுங்க."

இருபது வருடத்துக்கு மேலாக இந்த ஒரு கேள்விக்குத்தான் நான் ஒளிந்துகொண்டிருந்தேன். அது என்னைத் தேடிக்கொண்டு வார்டுக்குள்ளேயே வந்துவிட்டது, அதுவும் செருப்பை வெளியே விட்டு, கையைக் கழுவிக்கொண்டு.  நான் இல்லை, எனக்கே நிச்சயமில்லை, என் அத்தையும் சித்தியும் சேர்ந்து செய்த குளறுபடி என்று இவளிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் யாருக்கு என்ன லாபம்? சொல்லாமல் கொடுத்து, அது செல்லாது என்றால்? இந்தக் குழந்தையும் என்னை மாதிரி வாசலில் நிற்க வேண்டியதாகிவிட்டால்? என் சந்தேகம் எனக்கு மட்டும் இருந்தவரை பரவாயில்லை. அதைக் கொண்டுபோய் எண்ணூறு கிராம் பிள்ளையின் தலையில் ஊற்றலாமா?

மானிட்டரில் எண்கள் இறங்கிக்கொண்டே இருந்தன. அவள் என்னைப் பார்த்தபடி காத்திருந்தாள். அவள் முகத்தில் சந்தேகமே இல்லை. ஒன்பது நாள் என்னைப் பார்த்தவள். என் தலை நனைந்ததா காய்ந்ததா என்று அவளுக்குத் தெரியாது, ஆனால் நான் யார் என்று கேட்டால் தயங்காமல் சொல்வாள் போலிருந்தது.

"ஆமா" என்றேன். "கிறிஸ்தவள்தான்."

காய்ச்சி அடைத்த தண்ணீர்க் குப்பி ஒன்றை உடைத்தேன். சில்லென்று இருந்தது. அந்தக் குழந்தை தாங்காது. கைக்குள் பொத்தி, வெதுவெதுப்பு வரும்வரை வைத்திருந்து சின்ன ஸ்டீல் கிண்ணத்தில் ஊற்றினேன். பெட்டியைத் திறந்தோம். பெயர் கேட்டேன், சொன்னாள். அந்தப் பெயரைச் சொல்லி, பிதாவின் பெயரில் ஒரு துளி, குமாரனின் பெயரில் ஒரு துளி, பரிசுத்த ஆவியின் பெயரில் ஒரு துளி. விரல் நுனியால் வைத்தேன். நெற்றி என் கட்டைவிரல் அகலம்கூட இல்லை.  மூன்றாவது துளி வைக்கும்போது ஒன்று புரிந்தது. இதில் என்னுடையது என்று எதுவுமே இல்லை. தண்ணீர் ஆஸ்பத்திரியுடையது, வார்த்தைகள் என்னுடையவை அல்ல, பிள்ளை கடவுளுடையது. என்னைக் கேட்டது கொண்டுவந்து கொடுக்கத்தான்.

குழாய்களை எடுத்துவிட்டு, குழந்தையை அவள் நெஞ்சில் வைத்தோம். அவள் பாடினாள். இந்த முறை நானும் சத்தமாகப் பாடினேன். குழந்தை முப்பத்தைந்து நிமிடம் இருந்தது.

போதகர் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. என்னைவிட வயதில் இளையவர், சபைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி மூச்சு வாங்க நின்றார். "தாமதமாயிடுச்சும்மா" என்றார், கண் கலங்கியிருந்தது. "இல்லைங்கய்யா, சிஸ்டர் கொடுத்துட்டாங்க" என்றாள் அவள். அவர் ஜெபித்து முடித்ததும் நான் அவரை வராந்தாவுக்குக் கூட்டிப் போய், துணி அலமாரிக்குப் பக்கத்தில் நிறுத்தி எல்லாவற்றையும் கொட்டினேன். அத்தை, சித்தி, குல்லா, துண்டு எல்லாம். சொல்லும்போதே பாதியில் அழுதுவிட்டேன்.

"ஐயா, குழந்தையோடது செல்லுமா? அதை மட்டும் சொல்லுங்க."

"செல்லும். அதுல சந்தேகமே வேண்டாம். கொடுத்த கை எப்படிப்பட்டதுன்னு அங்க யாரும் கேக்கறதில்ல" என்றார். பிறகு, "உங்களுக்கும் ஒரு வழி இருக்கு. முன்ன வாங்காம இருந்தா இப்ப கொடுக்கறேன்னு நிபந்தனை சொல்லி ஞானஸ்நானம் கொடுக்கலாம். முறைப்படி உண்டு. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு ஆபீஸ் ரூமுக்கு வாங்க. எப்படியும் குழந்தை பேரைப் பதிவேட்டுல ஏத்தணும். தண்ணியும் எடுத்து வைக்கிறேன். உங்க இஷ்டம்" என்றார்.

இவ்வளவு சுலபமா? பதினைந்து வயதில் அந்தக் கதவைத் தட்டியிருந்தால் ஐந்து நிமிட வேலை. எனக்கு என்மேலேயே கோபம் வந்தது.

அன்று சாயங்காலம் அக்காவுக்குப் போன் செய்தேன். அவள் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். வழக்கம்போல், "என்னடி காய்ஞ்ச தலை" என்று ஆரம்பித்தாள். நடந்ததைச் சொன்னேன். இத்தனை வருடம் மனதில் இருந்ததையும் சொன்னேன்.  லைன் கட்டாகிவிட்டதோ என்று, "இருக்கியா?" என்றேன்.

"இருக்கேன்" என்றாள்.  "எனக்குத் தெரியாதுடி. சத்தியமா நீயும் சிரிக்கிறேன்னு நினைச்சேன்."

"கொஞ்ச நாள் சிரிச்சேன்."

"ரெண்டு தடவை வாங்கின நான் இதுவரைக்கும் ஒருத்தருக்கும் ஒரு சொட்டு கொடுத்ததில்ல" என்றாள். "ஞாயித்துக்கிழமை என்ன பண்ணப் போறே?"

"தெரியல" என்றேன். அது உண்மை. அதன்பிறகு அவளாக என்னை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. இப்போது சில நேரம் நானே அவளிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறேன், கூப்பிட வேறு யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஆபீஸ் அறைக்குப் போனேன். சின்ன அறை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, பழைய பாட்டுப் புத்தகங்கள் அடுக்கின அலமாரி, ஜன்னல் விளிம்பில் ஒரு தொட்டிச் செடி. போதகர் சொன்னபடியே மேஜையில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, பக்கத்தில் மடித்த வெள்ளைத் துண்டும் வைத்திருந்தார்.  எத்தனை வருடம் ஆசைப்பட்ட கிண்ணம்.

"முதல்ல இதை எழுதிடலாம்" என்று பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்துப் பேனாவைக் கொடுத்தார். குழந்தையின் பெயரை எழுதினேன். தாய், தகப்பன், பிறந்த நாள், ஞானஸ்நானம் கொடுத்த நாள். அடுத்த கட்டம், கொடுத்தவர் பெயர். என் பெயரை எழுதினேன். அதற்கடுத்த கட்டம், கொடுத்தவர் யார் என்பதற்கு. அந்தப் பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை போதகர், போதகர், போதகர் என்றே இருந்தது.

"இங்க என்னங்கய்யா எழுதறது? நர்ஸுனு போடட்டுமா?"

"நீங்க யாரோ அதை எழுதுங்க" என்றார்.

நான் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தத் தாய் கேட்டபோது ஆமா என்று சொன்னது நினைவுக்கு வந்தது. அது பொய்யா என்று எனக்குள் கேட்டுப் பார்த்தேன். பொய் சொன்னால் எனக்குக் காது சுடும், சின்ன வயதிலிருந்தே. அன்று சுடவில்லை. ஒரு குழந்தை உலகத்தை விட்டுப் போகிற நேரத்தில் கடவுளுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது, அந்த அறையில் அவருடைய ஆளாக இருந்தது நான் ஒருத்திதான். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறவர் அல்ல அவர். அத்தை கையில் இருந்தாலும் சித்தி கையில் இருந்தாலும் அவருக்கு அடையாளம் தெரியாமலா போயிருக்கும்?

கட்டத்தில் கிறிஸ்தவள் என்று எழுதினேன்.

போதகர் பதிவேட்டைத் திருப்பி வாசித்தார். ஒன்றும் திருத்தவில்லை. பிறகு கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

நான் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தேன். இரண்டு மணிக்கு டியூட்டி இருந்தது.

"தண்ணியைச் செடிக்கு ஊத்திடுங்கய்யா" என்றேன்.